அரளியும் செம்பருத்தியும் ஒரு பச்சோந்தியும்

ஆடு தின்னாத செடிக்கு நம் முன்னோர் ஆடுதின்னாப்பாளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆடாதொடையைக்கூட 'ஆடு தொடா இலை' என்று பிரித்துச் சொல்வது உண்டு. இலக்கணப்படி அது சரியோ தவறோ, ஆடு அதைத் தொடுவதில்லை என்பது மட்டும் சரி. மேய்க்கிறவனுக்குப் பெயரே எச்சரிக்கைப் பலகை. ஆனால் 'பச்சோந்தி தொடா இலை' என்று யாரும் எதற்கும் பெயர் வைக்கவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. எனக்குப் போன புரட்டாசியில் வந்தது.

என் தங்கை குடும்பம் பிரான்சில் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள் வீட்டில் இது அதிசயமில்லை. வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார். நானும் பிரெஞ்சு வழியில்தான் படித்தேன். ஆனால் அரசாங்க வேலை வேலூரில் அமைந்தது, பெண் எடுத்தது ஆம்பூரில், அப்படியே பாலாற்றுக் கரையோடு தங்கிவிட்டேன். தங்கை இப்போது மகன் வீட்டில், பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், நான்காவது மாடியில் இருக்கிறாள். பேரனுக்குப் பதின்மூன்று வயது. பிறந்தநாளுக்கு நாய் வேண்டாம், பூனை வேண்டாம், சைக்கிள்கூட வேண்டாம், பச்சோந்திதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

அது ஏமன் நாட்டுப் பச்சோந்தி. பிரெஞ்சில் அதை 'கமேலெயோன் காஸ்கே' என்பார்கள். தலையில் கவசம் மாட்டியது போல ஒரு கொண்டை உயர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். ஏமனும் சவூதியின் தென்மேற்கு ஓரமும் அதன் சொந்த இடம். எங்கள் ஊர்க்காரர்கள் கப்பலில் பிரான்சுக்குப் போன காலத்தில் ஏடன், ஜிபூத்தி என்று நின்று நின்று போனவர்கள். பள்ளியில் படித்த கவிஞர் ராம்போ கவிதையை விட்டுவிட்டு 1880இல் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த ஏடனில்தான். பிறகு ஹராரில் காப்பிக்கொட்டையும் தோலும் வாங்கி விற்றார். ஆம்பூரில் உட்கார்ந்து இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். தோல் வியாபாரம் யாரையும் விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கையின் பால்கனியில் இரண்டு தொட்டி அரளி இருக்கிறது. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. பிரதோஷத்துக்குப் பூ வேண்டுமென்று பல வருஷமாக வளர்த்து வருகிறாள். பாரிஸ் பக்கத்துக் குளிரில் அரளி வெளியே தாங்காது என்பதால் அக்டோபர் கடைசியில் தொட்டிகளை ஹாலுக்குள் கொண்டுவருவது வழக்கம். இந்த வருஷம் அதே ஹாலில், அதே ஜன்னலோரத்தில், ஆள் உயர வலைக் கூண்டு ஒன்று நிற்கிறது. பையன் சாயங்காலம் ஒரு மணி நேரம் பச்சோந்தியை வெளியே விட்டு ஒரு குச்சிப் பந்தலில் ஏற்றுகிறான். பந்தலிலிருந்து அரளித் தொட்டிக்கு இரண்டடி தூரம். அவன் எங்கோ படித்துவிட்டு, "பாட்டி செடி என் பச்சோந்தியைக் கொன்றுவிடும்" என்று அழுதிருக்கிறான். இவள், "சாமிச் செடியை வெளியே தூக்கிப் போடச் சொல்கிறான்" என்று அழுதிருக்கிறாள். இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு வாட்ஸ்அப்பில் போன் செய்தார்கள்.

"அண்ணே, நீயே சொல்லு. எழுவது வருஷமா அரளிப்பூ பறிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"நீ இலையைக் கடிச்சுப் பார்த்திருக்கியா?"

"நான் எதுக்குக் கடிக்கணும்?"

"அது கடிக்கும்."

பச்சோந்தி என்றால் நாக்கை நீட்டிப் பூச்சி பிடிப்பது என்றுதான் நமக்குத் தெரியும். பெரும்பாலான இனங்கள் அப்படித்தான். இந்த ஏமன் இனம் மட்டும் இலையையும் பூவையும் கடித்து மெல்லும். வறண்ட நாட்டுப் பிராணி, இலையில் உள்ள ஈரத்துக்காக அப்படிப் பழகியிருக்கலாம் என்கிறார்கள். ஆகவே அதன் கூண்டில் வைக்கும் செடி அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. நிழலும் நடக்கிற பாதையும் ஒளிகிற இடமும் அதுதான், பசித்தால் சாப்பாடும் அதுதான். தண்ணீர்ப் பாத்திரமும் அதுவே. கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்திக்குத் தண்ணீர் என்றே தெரியாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். காலையும் மாலையும் பையன் இலைகளின் மேல் தண்ணீர் தெளிப்பது அதற்காகத்தான். செடி தவறாக அமைந்தால் வீடு, சோறு, தண்ணீர் மூன்றும் ஒன்றாகக் கெட்டுப்போகும்.

பிரெஞ்சுப் பெயர் வேறு குழப்பியது. அரளிக்கு அவர்கள் 'லோரியே ரோஸ்' என்பார்கள். சமையலறையில் குழம்பில் போடும் பிரிஞ்சி மாதிரியான இலைக்கும் 'லோரியே' என்றுதான் பெயர். வேலிக்கு வைக்கும் இன்னொரு செடி 'லோரியே செரீஸ்'. மூன்றும் மூன்று குடும்பத்துச் செடிகள். முதலாவதும் மூன்றாவதும் விஷம், நடுவில் உள்ளது மசாலா. "பாட்டி தினமும் லோரியே போட்டுத்தானே சமைக்கிறாங்க" என்று மருமகள் சமாதானம் சொன்னாளாம். அந்த நாட்டில் பெரிய பரீட்சையான பக்கலோரேயா என்ற பெயரிலும் இந்த லோரியே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெற்றி மாலைக்கு உரிய இலை அது. அதே பெயரைச் சொல்லிக்கொண்டு விஷச்செடி வீட்டுக்குள் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நம் மொழியும் யோக்கியமில்லை. அரளி என்றும் மஞ்சள் அரளி என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே குடும்பம்தான் என்றாலும் வேறு வேறு செடிகள். மஞ்சள் அரளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒன்றில் மட்டும் இரண்டு பெயரும் ஒத்துப்போகின்றன. அரளி என்றாலே விஷம்.

இந்த வலைப்பக்கம் படிக்கும் நண்பர்களில் சிலர் இதயத்துக்காக டிஜாக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம். அந்த மருந்து டிஜிட்டாலிஸ் என்ற செடியிலிருந்து வந்தது. 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்தச் செடியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அரளியில் இருப்பதும் ஏறக்குறைய அதே வேலை செய்யும் சரக்குதான், இதயத் துடிப்பில் கை வைப்பது. மாத்திரையில் அளவு இருக்கிறது. இலையில் அளவு கிடையாது. இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இருக்கிறது. காய்ந்த சருகிலும் போவதில்லை. சில நூறு கிராம் எடைகூட இல்லாத ஒரு பிராணிக்கு எத்தனை கடி போதும் என்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகிறவர்கள் நடுத்திட்டில் அரளி பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக என்று நினைக்கிறோம். அழகும்தான். ஆனால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் அது நிற்கும், புகையைத் தாங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆடும் மாடும் கடிக்காது. கடிக்கிற செடியாக இருந்தால் மாடு நடுரோட்டில் வந்து நிற்கும். விஷமாக இருப்பதே அங்கே அதன் தகுதி. இதைத் தங்கையிடம் சொன்னேன். "மாட்டுக்குத் தெரியுது, பச்சோந்திக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஏமன் மலையில் பிறந்து வளர்ந்த பச்சோந்திக்கு அந்த மலைச் செடிகள் தெரிந்திருக்கலாம். இது கூண்டில் பொரித்த குஞ்சு. அதற்குச் சொல்லிக் கொடுக்கத் தாயும் இல்லை, மலையும் இல்லை.

பையன் ஒரு பட்டியல் அனுப்பினான். பிரெஞ்சில் நாற்பது பெயர்கள். நான் குமாஸ்தாப் புத்தியோடு மூன்று கட்டாகப் பிரித்தேன்: அனுமதி, நிராகரிப்பு, நிலுவை. அலுவலகத்தில் நிலுவைதான் எப்போதும் பெரிய கட்டு, இங்கும் அப்படியே ஆயிற்று.

நிராகரிப்பில் யோசனையே வேண்டியிருக்கவில்லை. இரண்டு அரளியும், எருக்கு, கள்ளி, ஊமத்தை, உன்னிச்செடி, ஆமணக்கு. நம் தெருவோரத்தில் சும்மா முளைப்பவை எல்லாம் அந்த ஊரில் கண்ணாடி வீட்டில் காசு கொடுத்து வாங்கும் சரக்காக இருக்கின்றன. நம் அரசு அலுவலக வாசலில் தொட்டி தொட்டியாக நிற்கும் குரோட்டன்ஸையும் அதில் சேர்த்தேன். அதன் பால் தோலில் பட்டாலே சிலருக்குத் தடிக்கும். பிறகு, பெரிய பெரிய இலையில் வெள்ளைத் தெளிப்போடு எல்லார் வீட்டு ஹாலிலும் இருக்கிறதே, டம்ப் கேன் என்கிற செடி. ஊமையாக்கும் தண்டு என்று பொருள். மென்றால் நாக்கும் தொண்டையும் வீங்கிப் பேச்சு வராது என்பதால் அந்தப் பெயர். அதற்கு இங்கே ஆடுதின்னாப்பாளை மாதிரி ஒரு பெயர் அமையாமல் போனது நமக்கு நஷ்டம்.

டம்ப் கேனில் என்ன இருக்கிறது என்று வேதியியல் படிக்க வேண்டாம். கருணைக்கிழங்கு சமைத்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சரியாக வேகாமல், புளி போடாமல் தின்றால் நாக்கு அரிக்குமே, அதே சுண்ணாம்பு ஊசிகள்தான். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாகப் படிந்து கிடக்கும். சேப்பங்கிழங்கு, கருணை, டம்ப் கேன் எல்லாம் ஒரே வம்சம்.

மணி பிளாண்டும் அதே வம்சம்தான், நிலுவைக் கட்டு பெரிதானதற்கு அதுதான் காரணம். உலகம் முழுக்கப் பச்சோந்தி வளர்க்கிறவர்கள் கூண்டில் முதலில் கட்டித் தொங்கவிடுவது மணி பிளாண்ட். சாகாது, நிழலில் வளரும், இலை அகலமாக இருப்பதால் துளி நன்றாக நிற்கும். பையன் சொன்னான், "எல்லாரும் வச்சிருக்காங்க தாத்தா, ஒண்ணும் ஆகலையாம்." பூச்சி மட்டும் தின்னும் இனத்துக்கு ஆகாதுதான். அது இலையில் நடக்கும், கடிக்காது. இலை கடிக்கிற இனத்துக்கு? சிலருடையது வருஷக்கணக்காகக் கடித்தும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்; சிலர் வாய் புண்ணானது என்கிறார்கள்.

நம் தோல் பதனிடும் பகுதிக்காரர்களுக்கு 28.8.1996 தேதி மறக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பளித்த நாள். பாலாற்றில் தோல் கழிவு கலந்த விவகாரம். அந்தத் தீர்ப்பில் ஒரு கோட்பாட்டை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றார்கள். கேடு வரும் என்று முழுசாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்காதே, முன்கூட்டியே தடு. கேடு இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு செய்கிறவனுடையது. அத்தனை தொழிற்சாலைக்குப் பொருந்திய சட்டம் ஒரு மணி பிளாண்டுக்குப் பொருந்தாதா? நிலுவையிலிருந்து எடுத்து நிராகரிப்பில் போட்டேன். பையன் கொஞ்சம் வருத்தப்பட்டான். அந்தக் கொடி பிரெஞ்சுப் பாலினேசியாவில் மொரேயா என்ற ஒரு சின்னத் தீவுச் செடி என்று அவனுக்குச் சொன்னேன். அதைக் கேட்டு மேலும் வருத்தப்பட்டான்.

அனுமதிக் கட்டில் முதல் பெயர் செம்பருத்தி. இலை, பூ, மொட்டு எல்லாமே கடிக்கலாம். கிளை சுள்ளியாக இருப்பதால் பச்சோந்தியின் கவட்டுக் கால் நன்றாகப் பிடிக்கும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போல இருக்கும். வழவழவென்ற தடித் தண்டைவிட விரல் பருமன் குச்சிதான் அதற்கு வசதி. பிறகு ஸ்பைடர் பிளாண்ட், அரிகா பனை. நாய் பூனைக்கான பட்டியலை வைத்துப் பச்சோந்திக்கு முடிவு செய்யக் கூடாது என்பதையும் குறித்து அனுப்பினேன். பால் வடியும் செடி எல்லாம் ஆகாது என்ற நம் பாட்டி விதியும் முழுசாகச் செல்லாது. ஆல், அத்தி வம்சத்தைச் சேர்ந்த பைகஸ் செடிக்குப் பால் உண்டு, ஆனாலும் அதைக் கூண்டில் வைக்கிறவர்கள் நிறைய.

செம்பருத்தி என்று முடிவானதும் பையன் ஒன்று கேட்டான். "கடையில வாங்குற செம்பருத்தி சேஃபா தாத்தா?"

இதற்குப் பட்டியல் உதவாது. பைக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றுக்குப் போனேன். வைத்திருப்பவர் எனக்கு இருபது வருஷப் பழக்கம்.

"பச்சோந்திக்கா? சார், அத வச்சிக்கினு இருந்தா ஃபாரஸ்ட்காரங்க வருவாங்களே" என்றார்.

"இங்கே இல்லை. பிரான்சில்."

"அப்படின்னா சரி." பிறகு ஒரு தொட்டியைச் சுட்டிக்காட்டினார். "எல்லாச் செடியவிடவும் செம்பருத்திதான் சார் நெறைய மருந்து குடிக்குது. மாவுப்பூச்சிக்கு இத்தவிட்டா வேற செடி கெடையாது. தெளிச்சா போறதில்ல. குருணைய வேர்ல போட்டுருவோம். வேர் குடிச்சி எல வரைக்கும் ஏறிரும். பூச்சி எலைய உறிஞ்சினா செத்துரும்."

"எத்தனை நாளைக்கு இலையில் நிற்கும்?"

"எந்த மருந்துன்னு பாத்துதான் சொல்லணும். ஒங்க வூட்டுக்கு வேணும்னா சொல்லுங்க, மருந்து போடாத பதியன் தரேன்."

இதை எந்தப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. மிகப் பாதுகாப்பான செடிக்குத்தான் மிக அதிகமான விஷம் போடுகிறார்கள். செடி தானாக விஷமில்லாதது, பூச்சிக்கு ருசியானது, அதனால்தான் மருந்து. கழுவினாலும் போகாது, ஏனென்றால் அது இலையின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. பிரான்சில் இங்கே போல அதே மருந்து இல்லாமல் இருக்கலாம்; ஆனால் கடைச் செடி யார் கையில் எப்படி வளர்ந்தது என்று அங்கும் ஒட்டுச்சீட்டில் எழுதுவதில்லை.

தங்கை சுலபமாக ஒரு வழி சொன்னாள். "ஆம்பூர்லேர்ந்து யாராவது வந்தா நம்ம வீட்டுச் செம்பருத்தி ரெண்டு குச்சி ஒடிச்சுக் குடுத்தனுப்பு." முடியாது. 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நடுவதற்கான எந்தச் செடியும் குச்சியும் கொண்டுபோக, தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விதிமுறை என்றால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவளுக்கு இல்லை. கடைசியில் பாரிசில் மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போனபோது பழக்கமான ஒரு காரைக்கால் அம்மா, தன் வீட்டில் நான்கு வருஷமாக மருந்தே போடாமல் வளர்ந்த ஒற்றைச் செம்பருத்தித் தொட்டியைக் கொடுத்திருக்கிறார். பதிலுக்குத் தங்கை என்ன கொடுத்தாள் என்று கேட்டேன். ஊறுகாயாம்.

தொட்டி வந்தபிறகு மண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. இது நம் ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் குவிந்த கதை எல்லாருக்கும் தெரியும். வண்டல் நன்றாக இருக்கிறதே என்று பாலாற்றுக் கரையில் கண்ட இடத்தில் மண் அள்ளித் தொட்டிக்குப் போடுகிறவர்களை நான் எப்போதும் தடுத்து வந்திருக்கிறேன். அந்த மண்ணில் ஐம்பது வருஷத் தோல் தொழில் இருக்கிறது. பையனுக்கு நான் சொன்னது இதுதான்: உரமணி கலந்த கடை மண்ணை உதறிவிட்டு, வேரைக் கழுவி, உரம் கலக்காத மண்ணில் நடு. மேலே பச்சோந்தியின் வாயில் நுழையாத அளவுக் கூழாங்கல் பரப்பு, நாக்கை நீட்டும்போது மண்ணும் கல்லும் சேர்ந்து வாய்க்குள் போகக் கூடாது. அவனுடையது ஆண் என்பதால் ஒரு கவலை மிச்சம். பெண்ணாக இருந்தால் சேர்க்கை இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும், தோண்டிப் புதைக்க ஈர மணல் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே அடைத்துச் செத்துப்போகும்.

தண்ணீரும் அப்படித்தான். இங்கே போர் தண்ணீரை இலையில் தெளித்துக் காயவிட்டால் வெள்ளை உப்புப் பூக்கும். பாரிஸ் பக்கத்துத் தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம். 'கால்கேர்' என்று அங்கே எல்லாப் பெண்களும் கெட்டிலைப் பார்த்துத் திட்டுவார்கள். தினம் தெளிக்கிற இலையை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். துளியோடு உப்பையும் அல்லவா அது நக்குகிறது.

இனி அரளி. தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு தொட்டியும் அவள் கணவர் இருந்த காலத்தில் வாங்கியவை. அவர்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழ்த்தளத்தில் ஒரு சாமான் அறை உண்டு, 'காவ்' என்பார்கள். குளிர்ச்சியாக இருக்கும், உறையாது. குளிர்காலத்தில் அரளிக்கு அது போதும், தண்ணீர்கூட அதிகம் வேண்டாம். "இருட்டுல பூக்காதே" என்றாள். "ஹாலில் வைத்த வருஷம் தை மாசத்தில் பூத்ததா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பூத்ததில்லை. குளிர்காலம் முழுக்கப் பூக்காத செடிக்காக ஹாலில் சண்டை நடந்திருக்கிறது. சித்திரையில் பால்கனிக்கு ஏறட்டும், பச்சோந்தி ஹாலில் இருக்கட்டும், நடுவில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. பூப்பறித்தால் கை கழுவிவிட்டுத்தான் பேரனின் கூண்டைத் தொட வேண்டும். இதற்கு இரண்டு தரப்பும் சம்மதித்தன. சூடான ஹாலில் செம்பருத்தி மார்கழியிலும் மொட்டு விடும், ஒரு பூ சாமிக்கு என்று அவள் பேசிக்கொண்டாள். முதல் மொட்டு விரிவதற்கு முந்தின நாள் பச்சோந்தி அதைத் தின்றுவிட்டது. "நைவேத்தியமா வச்சுக்கோ" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இதை எழுதுவதால் யாரும் இங்கே கூண்டு வாங்கப் புறப்பட வேண்டாம். இந்தியாவில் இருக்கும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். நம் வேலியிலும் இலங்கையிலும் இருப்பது அதுவே. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வெளிநாட்டு இனத்தை வைத்திருப்பவர்களும் 2024இல் வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை என்று நாம் சொல்வது பச்சோந்தி விஷயத்தில் சட்டப்படியே உண்மை.

அரசியல்வாதிகளைப் பச்சோந்தி என்று திட்டுகிறோமே, அதுவும் அநியாயம். அது சுற்றுப்புறத்துக்குத் தகுந்தபடி நிறம் மாற்றுவதில்லை. கோபம், பயம், குளிர், வெயில், துணை தேடுதல் இவற்றுக்குத்தான் மாற்றுகிறது. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் நெருங்கியும் விலகியும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2015இல் கண்டு சொன்னார்கள். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாத பிராணி. அரசியலுக்கு லாயக்கில்லை.

போன மாதம் எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஒரு ஷூ பெட்டியோடு வந்தான். அப்பா செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிறார், ஆகையால் அந்த வீட்டில் பேனா பென்சில் முதல் கோழிக்குஞ்சு வரை ஷூ பெட்டியில்தான் இருக்கும். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே முருங்கைக் கொத்து, அதில் சுருட்டிய வாலோடு ஒரு பச்சோந்தி. பயத்தில் கறுத்துப் போயிருந்தது.

"தாத்தா, இதுக்கு என்ன செடி போடணும்? ஒங்களுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க."

"எங்கே பிடித்தாய்?"

"பின்னால சந்துல. ரோட்டக் கடக்கப் பாத்துச்சு. வண்டி ஏறிடும்னு தூக்கினேன்."

பயல் செய்தது நல்ல காரியம். அது ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் முன்னும் பின்னும் நாலு தடவை ஆடும், பைக்குகளுக்கு அத்தனை பொறுமை இல்லை. முன்பெல்லாம் இந்தச் சந்தில் இரண்டு பக்கமும் கிளுவை, நொச்சி, ஆவாரை என்று வேலி தொடர்ச்சியாக இருந்தது. பச்சோந்தி தரையிறங்காமலே தெருக்கோடி வரை போகும். இப்போது ஒரு வீட்டு வேலிக்கும் அடுத்த வீட்டு வேலிக்கும் நடுவில் காம்பவுண்டுச் சுவர். ஆவாரையை இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள், அதன் பட்டையில்தான் தோலைப் பதனிட்டார்கள். பிறகு வேறு பட்டை வந்தது, பிறகு குரோமியம் வந்தது, ஆவாரை யாருக்கும் வேண்டாதது ஆயிற்று.

"இதை வீட்டில் வைத்தால் சட்டப்படி தப்பு" என்றேன்.

"ஒரு நைட்டு மட்டும்?"

"ஒரு நைட்டும் தப்பு."

ஜெயிலா என்று கேட்டான். அவன் அப்பாவைத்தான் கேட்பார்கள் என்றதும் பெட்டியை மூடிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டான். சந்துக்கோடியில் ஒரு பழைய வேலி இன்னும் மிச்சம். நொச்சியும் ஆவாரையும் பின்னிக் கிடக்கும். நடுவில் ஒரு அரளியும் உண்டு.

"தாத்தா, அரளி வெசம்னு சொன்னீங்களே?"

"இது இலை தின்கிற சாதி இல்லை. அரளியில் உட்காரும், அதில் வருகிற பூச்சியைப் பிடிக்கும். தன் வேலி அதற்குத் தெரியும்."

பெட்டியைக் கிளையோடு சாய்த்துப் பிடித்தான். அது உடனே இறங்கவில்லை. ஒரு கண் எங்களைப் பார்த்தது, இன்னொரு கண் ஆவாரம்பூவில் மொய்த்த ஈயைப் பார்த்தது. பத்து நிமிஷம் கழித்து ஒரு காலை எடுத்துக் கிளையில் வைத்தது. கறுப்பு மெதுவாக விட்டு மஞ்சள் கலந்த பச்சைக்கு வந்தது. பையனுக்குக் கை வலித்திருக்கும், மாற்றிப் பிடிக்கவில்லை. கடைசியாக வால் பெட்டியை விட்டபோது மக்ரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.